வீடு கட்டுமுன் கேட்க வேண்டியவை

(பத்தாம் வகுப்பு மாணவி, அழகர்கோவில்)

முன்னுரை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் மொழி. இரண்டும் எளிதல்ல என்பதே அதன் பொருள். கல்யாணத்திற்கு நாள் பார்க்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம், ஊர்ப் பெரியவர்களைக் கேட்கிறோம். வீடு கட்டும்போதும் மனையடி பார்க்கிறோம், வாசல் எந்தத் திசை என்று கேட்கிறோம். ஆனால் "அனுமதி வாங்கியாயிற்றா?" என்ற கேள்வியைக் கேட்பவர் எத்தனை பேர்?

சென்ற ஆண்டு எங்கள் சமூக அறிவியல் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் என்ற பாடம் நடந்தது. பாடம் முடிந்ததும் சிஸ்டர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். "நாளை வரும்போது, உங்கள் வீட்டுக்குக் கட்டட அனுமதி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டு வாருங்கள்" என்றார்கள். மறுநாள் நாற்பது பேரில் ஆறு பேரே "இருக்கிறது" என்று கை தூக்கினோம். அந்த ஆறு பேரில் நான் இல்லை. அந்தக் கேள்வி என்னை எங்கெல்லாம் அழைத்துச் சென்றது என்பதே இக்கட்டுரை.

கட்டட அனுமதி என்றால் என்ன?

நம் சொந்த மனையில் நம் சொந்தப் பணத்தில் கட்டும் வீட்டுக்கு அடுத்தவர் அனுமதி எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீடு நம்முடையது என்றாலும், அதன் முன்னால் ஓடும் தெரு ஊருக்குச் சொந்தம். வீட்டிலிருந்து வெளியேறும் கழிவு நீர் ஊர் வாய்க்காலுக்குப் போகிறது. நம் சுவர் சாய்ந்தால் அது நம் மனைக்குள் மட்டும் விழாது. ஆகவேதான் ஊரின் சார்பில் ஊராட்சியோ, நகராட்சியோ, மாநகராட்சியோ வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தருகிறது.

விண்ணப்பத்தோடு பத்திரம், பட்டா, புலப்படம், கட்டட வரைபடம் ஆகியவை வைக்க வேண்டும். அவற்றைக் கொண்டு முக்கியமாகச் சில கேள்விகளுக்கு விடை காண்கிறார்கள். நிலம் விண்ணப்பித்தவருக்கே உரியதா? அது கண்மாய், ஓடை, பாதை போன்ற புறம்போக்கா? மனை அங்கீகாரம் பெற்றதா? தெரு எவ்வளவு அகலம்? நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விடப்படுகிறது? உயரம் எவ்வளவு? மழைநீர் நிலத்துக்குள் இறங்க வழி உண்டா? மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாதாரண கட்டடங்களுக்கு இது 2 மடங்கு. 1,200 சதுர அடி மனை என்றால் எல்லாத் தளங்களையும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். அதோடு பக்கங்களில் விட வேண்டிய இடத்தையும் விட வேண்டும். அந்த இடைவெளி வீணான இடம் அன்று. காற்றும் வெளிச்சமும் வரும் வழி அது. தீ பிடித்தால் மனிதர் ஓடும் வழியும் அதுவே.

மதுரை கற்ற பாடம்

நம் மதுரை பழமையான நகரம். நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவர் நகரைச் சுற்றி இருந்தது. மக்கள் பெருகப் பெருக, உள்ளே நெருக்கடி மிகுந்தது. 1840-ஆம் ஆண்டையொட்டி மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், அந்தச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். அந்த இடத்தில் எழுந்தவையே இன்று நாம் பேருந்தில் கடந்து செல்லும் வெளி வீதிகள். அந்தப் பணியில் ஈடுபட்ட இருவரின் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் வழங்குகின்றன. ஒரு மேஸ்திரியின் பெயரில் ஒரு வீதி இருப்பது எவ்வளவு பெருமை!

1866-இல் மதுரை நகராட்சி ஆயிற்று. 1914, 1915 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து, மதுரையைக் குறித்தும் எழுதினார். பழைய தெருக்களை ஒரேயடியாக இடித்துத் தள்ளக்கூடாது, வேண்டிய இடத்தில் மட்டும் சிறிது திருத்திக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1971-ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் பிறந்தது. 1971 மே முதல் நாளில் மதுரை மாநகராட்சி ஆனது.

மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோ மீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று ஒரு விதி உண்டு. தூரத்திலிருந்தே கோபுரம் தெரிவதற்கு அந்த விதியும் ஒரு காரணம் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

விதிகளுக்குப் பின்னே உள்ள கண்ணீர்

தோழியரே! விதிகள் யாரோ ஓர் அதிகாரி மேசையில் அமர்ந்து சும்மா எழுதியவை என்று எண்ணாதீர்கள். பல விதிகளுக்குப் பின்னே நம் வயதுப் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

1964 ஏப்ரல் 4-ஆம் நாள் நம் மதுரையிலேயே சரஸ்வதி பள்ளியின் கட்டடம் இடிந்து விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்ட மாணவியர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அந்தப் பிள்ளைகளும் நம்மைப் போலக் காலையில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள் தாம். அதற்கு அடுத்த ஆண்டு, 1965-இல், பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் நிறைவேறியது. அதன்படி பள்ளிகள் தம் கட்டடத்துக்கு வட்டாட்சியரிடம் உரிமம் பெற வேண்டும்.

சட்டம் வந்தால் போதுமா? 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியில் சமையலறையில் பற்றிய தீ, மாடியில் போட்டிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. படிக்கட்டு குறுகல். 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பிறகே பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் நீக்கப்பட்டன. 2009-இல் இந்திய உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தைகளின் உரிமை என்று தீர்ப்பளித்தது.

அனுமதித் தாள் கையில் இருந்தால் போதுமா? அதுவும் போதாது. 2014 ஜூன் 28-ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்தவர்கள். அந்தக் கட்டடத்துக்கு முறையான திட்ட அனுமதி இருந்தது! பக்கத்திலேயே நின்ற அதன் இணைக் கட்டடமும் பாதுகாப்பற்றது என்று கண்டு, 2016 நவம்பர் 2-ஆம் நாள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். முதலில் விதி வேண்டும். விதி இருந்தால் அதன்படி நடக்க வேண்டும். நடக்கிறதா என்று பார்ப்பதற்குக் கண்ணுள்ள ஆளும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கட்டடம் நிற்காது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீடு அழகர்கோவிலுக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. முன்பகுதி தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பின்பகுதியில் ஒரே ஓர் அறை மட்டும் காங்கிரீட்டுத் தளம் போட்டது. நான் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "மொட்டை மாடியில ஒரு ரூம் எடுத்துத் தாரேன் தாயி. நீ நிம்மதியாப் படி" என்று அப்பா சொன்னார்கள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. வடக்கே ஜன்னல் வைத்தால் அழகர் மலை தெரியும் என்று கணக்குப் போட்டு, மேசை எங்கே, அலமாரி எங்கே என்று நோட்டில் படம் கூட வரைந்து வைத்திருந்தேன்.

கொத்தனார் வந்து பார்த்து, "தாராளமாத் தாங்கும்ணே. அடுத்த வாரமே ஆரம்பிச்சிரலாம்" என்றார். அந்த வாரத்தில்தான் சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "நம்ம வீட்டு மாடிக்கு நாம யாரைக் கேக்கணும்?" என்றார்கள். அப்பத்தாவும் "ஊர்ல யாரு வாங்குறா?" என்றார்கள். ஆனால் நான் விடவில்லை. கடைசியில் அப்பா, ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்து, ஒரு பொறியாளரை அழைத்து வந்தார்கள்.

அவர் மாடிக்கு ஏறவே இல்லை. சுவர் ஓரமாகக் குழி தோண்டச் சொன்னார். இரண்டரை அடியிலேயே அடித்தளம் முடிந்துவிட்டது. அதுவும் மண் சாந்தில் அடுக்கிய கல். கீழே வயல் களிமண். மழைக் காலத்தில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண் அது. பிறகு அவர் என் நோட்டை வாங்கி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

அறை 12 அடிக்கு 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 44 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குலக் கனம். அது 330 கன அடி. கதவு, ஜன்னலுக்கு 30 கழித்தால் 300 கன அடி. ஒரு கன அடிச் செங்கல் கட்டு ஏறத்தாழ 54 கிலோ. ஆகச் சுவர் மட்டும் 16,200 கிலோ. தளம் 5 அங்குலக் கனம் என்றால் 50 கன அடி. கன அடிக்கு 70 கிலோ என்று வைத்தால் 3,500 கிலோ. மொத்தம் 19,700 கிலோ. அதாவது ஏறத்தாழ 20 டன்!

ஒரு யானை 4 டன் என்று கொண்டால், என் படிப்பறை என்பது ஐந்து யானைகள். அந்த ஐந்து யானைகளையும் அப்பத்தா படுத்துறங்கும் அறையின் மேலே ஏற்றி நிறுத்தப் பார்த்தோம். கணக்கைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆசைப்பட்டவள் நான்தானே.

கொத்தனாருக்கு வருத்தம். "இருபத்தஞ்சு வருசமாக் கட்டுறேன். நான் கட்டுன வீடு ஒண்ணு விழுந்திருக்காண்ணே?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயமே. அவர் கைவேலையில் குறை இல்லை. மண்ணுக்குள் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, "அடித்தளத்தோட புதுசா ஒரு ரூம் கீழயே எடுப்போம். நீங்கதான் கட்டணும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த அறை இந்த ஆண்டு எழவில்லை. அதற்குப் பணம் சேர வேண்டும். நான் இப்பொழுதும் திண்ணையில் அமர்ந்துதான் படிக்கிறேன். கொசுக்கடி உண்டு. பேருந்துச் சத்தம் உண்டு. ஆனால் உள்ளே அப்பத்தா குறட்டை விடுவது கேட்கும்போது மனம் அமைதியாக இருக்கிறது.

அழகர்கோவில் சாலையிலே

மதுரையிலிருந்து எங்கள் ஊருக்குச் சுமார் 20 கிலோ மீட்டர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மண்டகப்படிகளில் தங்கித் தங்கி வைகைக்குச் செல்லும் சாலை இது. இப்போது இந்தச் சாலையின் இரு புறமும் வயல்களில் வெள்ளையடித்த எல்லைக் கற்களும், மனை விற்பனைப் பலகைகளும் காணப்படுகின்றன.

மனை வாங்குவோர் பார்க்க வேண்டியது பலகையின் வண்ணத்தை அன்று, அங்கீகார எண்ணை. அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவில் சாலைகள் உரிய அகலத்தில் இருக்கும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கு பூங்கா போன்ற பொது இடத்துக்கு ஒதுக்க வேண்டும். 2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர்கள் பலர் தவித்தனர். 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்த தவிப்பு அது.

கண்மாய் நிலமும் அப்படித்தான். கண்மாய் வறண்டு கிடக்கும்போது வெறும் மேடாகத் தெரியும். தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் மதுரை செல்லூர்ப் பகுதித் தெருக்களிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். கண்மாய்களை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க 2007-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கோவில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பர் காவல் இருக்கிறார். எல்லைத் தகராறு வந்தால் அந்தப் படி முன் சத்தியம் செய்யச் சொல்வது முன்னோர் வழக்கம். பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆனால் தகராறு வந்த பிறகுதான் சத்தியம் தேவைப்படுகிறது. அளந்து, வரைந்து, ஒப்புதல் பெற்றுக் கட்டினால் தகராறே வராதன்றோ!

சில ஐயங்கள்

"அனுமதி வாங்கப் போனால் அலைச்சலும் செலவும்தான் மிச்சம். ஏழை என்ன செய்வான்?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். அவள் அப்பா தினக் கூலி. ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பொறியாளருக்குக் கொடுத்த பணத்தை அப்பாவும் யோசித்துத்தான் கொடுத்தார்கள்.

இந்தக் குறையை ஓரளவு போக்க, 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத் தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோர், கணினி வழியே விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டியே அதிகாரி வந்து பார்க்க வேண்டியதில்லை. இது நல்ல வசதி. ஆனால் இதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. "விதிப்படி கட்டுகிறேன்" என்று சான்று கூறுபவர் நாமே. மண்ணைத் தோண்டிப் பார்க்க இனி வேறு ஒருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது.

முடிவுரை

இக்கட்டுரைக்காக நம் தலைமை ஆசிரியை அம்மா அவர்களின் அறைக்குப் போயிருந்தேன். ஒரு பள்ளி நான்கு சான்றுகள் வைத்திருக்க வேண்டும் என்று கூறினார்கள். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவையே அவை. நான்கும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கின. பலமுறை அந்த அறைக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை கூட அவற்றைப் படித்ததில்லை. அன்று ஒவ்வொன்றிலும் தேதி பார்த்துப் படித்தேன். 1964-இல் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத காவல், இன்று நமக்கு நான்கு தாள்களாகச் சுவரில் தொங்குகிறது என்று தோன்றியது.

தோழியரே! இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நம் வீட்டு நிலத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது? மனைக்கு அங்கீகாரம் உண்டா? வரைபடத்துக்கு அனுமதி உண்டா? அடித்தளம் எத்தனை அடி? மழைநீர் எங்கே போகிறது? விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். எங்கள் வீட்டிலும் முதலில் தெரியவில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. நம் பெற்றோர் அங்கே போய்க் கேட்கலாம். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் தமிழகத்தில் சட்டம் ஆகியிருக்கிறது. நாளை அந்த மேசையில் அமர்ந்து வரைபடத்தைப் பார்ப்பவள் நம்மில் ஒருத்தியாகவும் இருக்கலாம்.

அப்படி அமர்ந்தால், நான் முதலில் கேட்கப் போவது இதுதான்: "குழி தோண்டிப் பார்த்தீர்களா?"